ராபர்ட் பெஸ்லி

ராபர்ட் பெஸ்லி (அக்டோபர் 14, 1794 - டிசம்பர் 18, 1876) இங்கிலாந்தைச் சேர்ந்த அச்செழுத்து வார்ப்பாளரும், இலண்டன் மாநகரின் லார்ட் மேயராகப் பணியாற்றியவரும் ஆவார். 1845 ஆம் ஆண்டில் இவரது வார்ப்பகம் வெளியிட்ட கிளாரெண்டன் என்னும் எழுத்துருவின் மூலம் அச்சுக்கலை வரலாற்றில் இவர் அறியப்படுகிறார். ஒடுங்கிய உடலும் பட்டையான செரிஃப்களும் கொண்ட இவ்வெழுத்துரு, சாதாரண எழுத்துகளோடு ஒரே வரியில் கலந்து பயன்படுத்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட முதல் தடித்த எழுத்துருவாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தில் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட முதல் எழுத்துருவும் இதுவே என்பர். அப்பாதுகாப்பு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒன்றாக இருந்தது. காலம் முடிந்தவுடன் போட்டி வார்ப்பகங்கள் எல்லாம் இவ்வடிவத்தைப் படியெடுத்துக்கொண்டன. எழுத்தின் உருவம் ஒருவருக்குச் சொந்தமாக முடியுமா என்ற கேள்வி பேசப்படும் இடங்களில் பெஸ்லியின் பெயர் இன்றும் எடுத்துக்காட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

இளமை

பெஸ்லி இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தின் தலைநகரான எக்செட்டரில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து ஐரோப்பா முழுவதும் போர் சூழ்ந்திருந்த காலம் அது. இவர் வளர்ந்து வந்த ஆண்டுகளில் அச்சுத்தொழிலும் பெரும் மாற்றத்துக்கு உள்ளாகிக் கொண்டிருந்தது. அதுவரை அச்சு என்றால் நூலும் செய்தித்தாளும்தான். தொழிற்புரட்சியின் விளைவாகச் சந்தைகள் விரிந்தபோது, சுவரொட்டி, துண்டு விளம்பரம், நாடக அறிவிப்பு, கப்பல் புறப்பாட்டு அறிவிப்பு போன்றவை பெருகின. தெருவில் நடந்து செல்பவரின் கண்ணைத் தூரத்திலிருந்தே இழுக்கக்கூடிய பெரிய, கருமையான எழுத்துகளுக்குத் தேவை ஏற்பட்டது. பெஸ்லி பின்னாளில் நுழைந்த வார்ப்பகம் இத்தேவையை முதலில் உணர்ந்துகொண்ட இடங்களுள் ஒன்று.

ஃபான் தெரு வார்ப்பகம்

இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் பகுதியை அடுத்துள்ள ஃபான் தெருவில் இருந்த இவ்வார்ப்பகத்தின் வேர் தாமஸ் காட்ரெல் என்பவரிடம் தொடங்குகிறது. அவரிடம் தொழில் பயின்ற ராபர்ட் தோர்ன் (1754 - 1820) பின்னர் வார்ப்பகத்தைத் தமதாக்கிக்கொண்டார். தடித்த கோடுகள் மிகத் தடிப்பாகவும், மெல்லிய கோடுகள் மயிரிழையாகவும் அமைந்த பருத்த எழுத்துகளைப் பரப்பியதில் தோர்னுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் 1820 இல் இறந்தபோது வார்ப்பகம் ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கியவர் வில்லியம் தோரோகுட். இவர் எழுத்து வார்ப்புத் தொழிலில் முன்பின் அனுபவம் இல்லாதவர். அரசு நடத்திய லாட்டரிச் சீட்டில் பரிசு விழுந்த பணத்தைக் கொண்டே அவர் வார்ப்பகத்தை வாங்கினார் என்று கூறப்படுகிறது. பருத்த எழுத்துகளை அக்காலத்தில் மிகுதியாகப் பயன்படுத்தியவை லாட்டரி விளம்பரத் தாள்களே என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

தோரோகுட் தொழில் தெரியாதவராக இருந்தாலும் வணிகம் தெரிந்தவர். தோர்ன் வெட்டி வைத்திருந்து வெளியிடாமல் விட்ட எழுத்துகளையும் சேர்த்து மாதிரிப் புத்தகங்களை அடுத்தடுத்து வெளியிட்டார். 1828 இல் எட்மண்ட் ஃபிரையின் புகழ்பெற்ற வார்ப்பகத்தையும் விலைக்கு வாங்கித் தம்முடையதோடு இணைத்தார். ஃபிரை பல்வேறு மொழிகளின் எழுத்துகளைத் தொகுத்து 1799 இல் நூலாக வெளியிட்டவர். அவரது சேகரிப்பில் இருந்த கிழக்கத்திய எழுத்துகளும் இவ்வாறு ஃபான் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

பெஸ்லி 1826 இல் இந்நிறுவனத்தில் சேர்ந்தார். அரசு லாட்டரியின் கடைசிக் குலுக்கல் இங்கிலாந்தில் நடந்ததும் அதே ஆண்டில்தான். வார்ப்பகத்தின் பொருள்களை அச்சகங்களுக்கு எடுத்துச் சென்று விற்பது அக்காலத்தில் இத்தொழிலின் முக்கியமான பணி. அச்சுக் கோப்பவர்களுக்கு என்ன தேவை, எந்த எழுத்து விரைவில் தேய்கிறது, எந்த எழுத்து வரியில் ஒட்டாமல் நிற்கிறது என்பனவற்றையெல்லாம் வாடிக்கையாளரிடம் கேட்டறியும் வாய்ப்பு வார்ப்பகத்தின் வணிகப் பக்கத்தில் இருந்தவருக்கே மிகுதி. தோரோகுட்டைப் போலவே பெஸ்லியும் தம் கையால் எழுத்து வெட்டிப் புகழ் பெற்றவர் அல்லர். 1838 இல் இவர் நிறுவனத்தின் பங்காளியானார்.

பட்டைச் செரிஃப் எழுத்துகள்

கிளாரெண்டனின் இடத்தை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்பிருந்த பட்டைச் செரிஃப் எழுத்துகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. இலத்தீன் எழுத்துகளின் கோட்டு முனைகளில் காணப்படும் சிறு குறுக்குக் கோடுகள் செரிஃப் எனப்படுகின்றன. நூல்களில் பயன்படும் எழுத்துகளில் இவை மெல்லியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இக்குறுக்குக் கோடுகளை எழுத்தின் நெடுங்கோடுகளுக்கு ஏறக்குறைய இணையான தடிப்பில், செங்கல் வைத்தாற்போலச் சதுரமாக அமைத்துப் புதிய வகை எழுத்துகளை இலண்டன் வார்ப்பகங்கள் உருவாக்கின. அச்சில் வெளியான முதல் எடுத்துக்காட்டு வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பவருடையது. அவர் அதற்கு ஆன்டீக் என்று பெயரிட்டார். அவரது மாதிரிப் புத்தகத்தில் 1815 என்ற ஆண்டு காணப்பட்டாலும், குறிப்பிட்ட பக்கங்கள் 1817 அளவில் சேர்க்கப்பட்டவை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தோர்ன் வெட்டிய இதே வகை எழுத்துகளைத் தோரோகுட் எகிப்தியன் என்ற பெயரில் விற்றார். நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பாவில் எகிப்து பற்றிய மோகம் பரவியிருந்தது. பெயருக்கும் எழுத்தின் உருவத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

இவ்வெழுத்துகள் முழுக்க முழுக்கக் காட்சிக்கானவை. விளம்பரத்தின் தலைப்பில் ஒரு சொல், இரண்டு சொல் என நிற்பதற்கு இவை பொருத்தமாக இருந்தன. இவற்றுக்குச் சாய்வு வடிவங்களும் தொடக்கக் காலத்திலேயே வெட்டப்பட்டன. சுவரொட்டியின் அகலம் மாறாதது, சொல்லின் நீளமோ மாறிக்கொண்டே இருப்பது. இதனால் ஒடுங்கிய வடிவங்களுக்கும் விரிந்த வடிவங்களுக்கும் அச்சகங்களில் எப்போதும் கிராக்கி இருந்தது. ஒரே உயரத்தில் மூன்று, நான்கு அகலங்களில் எழுத்து வைத்திருந்தால்தான் நீண்ட பெயரையும் குறுகிய பெயரையும் ஒரே தாளில் நிரப்ப முடியும்.

கிளாரெண்டன்

நூல்களுக்கு உள்ளே வேறொரு சிக்கல் இருந்தது. அகராதி, விலைப்பட்டியல், இருப்புப்பாதைக் கால அட்டவணை, பாடநூல் ஆகியவற்றில் ஒரு சொல்லை மட்டும் மற்றவற்றிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். இதற்கு வழக்கமாகப் பயன்பட்டது சாய்வெழுத்து. ஆனால் பக்கத்தைப் புரட்டித் தேடும் கண்ணுக்குச் சாய்வெழுத்து எளிதில் அகப்படாது, அது மற்ற எழுத்துகளைவிட மெல்லியதாகவே தோன்றும். எனவே சில அச்சகத்தார் விளம்பரத்துக்கான எகிப்தியன் எழுத்தையோ பருத்த எழுத்தையோ வரியின் நடுவே நுழைத்துப் பார்த்தனர். இவை வரிக்குள் அடங்கவில்லை. அகலம் மிகுதி, கருமை மிகுதி, சில நேரங்களில் அடிக்கோடும் ஒத்துவராது. சிறிய அளவில் எழுத்தின் உட்புற வெளிகள் மையால் அடைபட்டும் போயின.

1845 இல் வெளியான கிளாரெண்டன் இச்சிக்கலுக்கான விடையாக அமைந்தது. பட்டைச் செரிஃப் எழுத்தின் வலிமையை வைத்துக்கொண்டு, அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்திருந்தனர். செரிஃப்கள் நெடுங்கோட்டோடு செங்கோணத்தில் முட்டாமல், சிறு வளைவு ஒன்றின் வழியாக இணைந்தன. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே ஓரளவு வேறுபாடு காட்டப்பட்டது. சிற்றெழுத்துகளின் உடல் உயரமாக அமைக்கப்பட்டதால் சிறிய அளவிலும் படிக்க முடிந்தது. சில எழுத்துகளின் நுனிகள் உருண்டையாக முடிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்துகள் ஒடுங்கியவை. தடித்த எழுத்து இயல்பாகவே கூடுதல் இடம் பிடிக்கும். அதை ஒடுக்கியதன் மூலம் பக்கத்தில் உள்ள சாதாரண எழுத்து எடுத்துக்கொள்ளும் இடத்தையே ஏறக்குறைய இதுவும் எடுத்துக்கொண்டது. நூல் எழுத்தோடு ஒரே அடிக்கோட்டில் நிற்கும்படியும் இது வார்க்கப்பட்டது. இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தித் தடித்த எழுத்தாக்கும் வழக்கத்துக்கு முன்னோடி இதுவே எனலாம். எழுத்துக் குடும்பம் என்ற கருத்தில் சாய்வெழுத்தோடு தடித்த எழுத்தும் ஓர் உறுப்பாகச் சேர்ந்தது இதற்குப் பிறகுதான்.

இவ்வெழுத்துக்குரிய அச்சுகளை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ் என்னும் எழுத்து வெட்டுநர். அவ்வேலை எளியதன்று. எஃகுத் துண்டின் முனையில் ஒவ்வோர் எழுத்தையும் இடம் வலமாக மாற்றி, அரத்தாலும் சிற்றுளியாலும் செதுக்க வேண்டும். பஞ்ச் எனப்படும் இம்முனையைச் சூடேற்றிக் கடினமாக்கிச் செப்புத் துண்டில் அறைந்தால் எழுத்தின் குழி கிடைக்கும். அக்குழியை வார்ப்புக் கருவியில் பொருத்தி உருகிய உலோகத்தை ஊற்றினால்தான் அச்செழுத்து பிறக்கும். பேரெழுத்து, சிற்றெழுத்து, எண்கள், நிறுத்தக் குறிகள் என்று நூற்றுக்கு அருகில் வரும் முனைகளை ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக வெட்டியாக வேண்டும். ஓர் அளவை அப்படியே பெரிதாக்கி இன்னோர் அளவைப் பெற இயலாது. வடிவம் பற்றிய எண்ணம் வணிகத் தேவையை அறிந்த பெஸ்லியுடையது, உருவம் ஃபாக்ஸின் கையில் வந்தது என்று பிரித்துக் கூறுவதே முறையாகும். பெரும்பாலான நூல்களில் பெஸ்லியின் பெயர் மட்டும் காணப்படுகிறது. ஃபாக்ஸின் பங்கு இதனால் மறைந்துவிடக் கூடாது.

கிளாரெண்டன் என்ற பெயர் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் கிளாரெண்டன் அச்சகத்தைக் குறித்து இடப்பட்டதாகக் கருதப்படுகிறது. அப்பெயர் எழுத்துருவோடு நிற்கவில்லை. பிரித்தானிய அச்சுத்தொழிலாளரிடையே தடித்த எழுத்து எதுவாக இருந்தாலும் அதைக் கிளாரெண்டன் என்று அழைக்கும் வழக்கம் உருவாகி நெடுங்காலம் நிலைத்தது. 1884 இல் முதற்பகுதி வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் தலைச்சொற்கள் கிளாரெண்டன் வகை எழுத்திலேயே அச்சிடப்பட்டன.

பதிவும் படியெடுப்பும்

வார்ப்பகம் ஒன்று புதிய எழுத்தை வெளியிட்டால், மாதிரிப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டியாளர்கள் அதேபோல் வெட்டுவது அதற்கு முன்பும் நடந்து வந்ததே. ஆனால் அதற்கு வேண்டிய உழைப்பு ஒரு தடையாக இருந்தது. திறமையான வெட்டுநர் வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். 1840களில் மின்பகுப்பு முறை பரவியது இத்தடையை உடைத்தது. விலைக்கு வாங்கிய அச்செழுத்தையே மின்கரைசலில் தொங்கவிட்டு, அதன் மேல் செம்பைப் படியச் செய்தால் எழுத்தின் குழி நேரடியாகக் கிடைத்துவிடும். பஞ்ச் வெட்ட வேண்டியதில்லை. முதல் வார்ப்பகம் செலவிட்ட உழைப்பை இரண்டாவது வார்ப்பகம் சில நாட்களில் கைக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் 1842 ஆம் ஆண்டின் அலங்கார வடிவமைப்புச் சட்டம், உற்பத்திப் பொருள்களின் தோற்றத்தைப் பதிவு செய்து பாதுகாத்துக்கொள்ள வழி செய்திருந்தது. இச்சட்டத்தை இயற்றியபோது மனத்தில் இருந்தவை துணி, சுவர்த்தாள், உலோகப் பாத்திரம், பீங்கான் போன்றவை. பொருளின் வகையைப் பொறுத்துப் பாதுகாப்புக் காலம் மாறுபட்டது. பெஸ்லியின் நிறுவனம் கிளாரெண்டனை இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்து மூன்று ஆண்டுப் பாதுகாப்பைப் பெற்றது. எழுத்தையும் ஒரு வடிவமைப்புப் பொருளாகக் கருதிச் சட்டத்தின் முன் வைத்தது அன்றைக்குப் புதுமையான செயல்.

எழுத்து பெரும் வெற்றி பெற்றது. அவ்வெற்றியே அதன் உரிமையாளருக்குப் பகையாகவும் முடிந்தது. மூன்றாண்டுக் காலம் 1848 இல் முடிவுற்றதும் மற்ற வார்ப்பகங்கள் கிளாரெண்டன் என்ற பெயரிலேயே தத்தம் எழுத்துகளை விற்கத் தொடங்கின. ஐயோனிக் முதலிய வேறு பெயர்களில் வெளிவந்த நெருங்கிய உறவினங்களும் உண்டு. பெஸ்லி இப்படியெடுப்பைக் கண்டித்துத் தமது விளம்பரங்களில் வெளிப்படையாகவே மனக்குறையைத் தெரிவித்தார். அதனால் பயன் ஏதும் விளையவில்லை.

அவருடைய குறையில் நியாயம் இருந்தது. எனினும் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டைச் செரிஃப் என்ற கருத்தை ஃபிகின்ஸ் முதலில் அச்சில் காட்ட, தோர்னும் தோரோகுட்டும் அதைத் தம் பெயரில் விற்றனர். பெஸ்லி பணியாற்றிய வார்ப்பகம் அவ்வாறு திரண்ட செல்வத்தின் மீதே நின்றது. கிளாரெண்டன் ஒரே நிறுவனத்தின் உடைமையாக நெடுங்காலம் இருந்திருந்தால், தடித்த எழுத்து ஒவ்வோர் அச்சகத்தின் எழுத்துப் பெட்டியிலும் இடம் பெற்றிருக்குமா என்பது ஐயமே.

இச்சிக்கல் இன்றும் முழுவதும் தீரவில்லை. ஐக்கிய இராச்சியத்தின் 1988 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுத்துரு வடிவங்களுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவிலோ எழுத்தின் உருவத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பதை 1978 இல் நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே எழுத்துருவை உருவாக்கும் கணினி நிரலுக்கு மட்டும் பதிப்புரிமை கிடைக்கிறது.

நிறுவனத் தலைவர்

1849 இல் தோரோகுட் ஓய்வு பெற்றார். நிறுவனம் ராபர்ட் பெஸ்லி அண்ட் கம்பெனி என்ற பெயரைப் பெற்றது. பெஸ்லி தமது பங்காளியாகச் சேர்த்துக்கொண்டவர் வேறு யாரும் அல்லர், கிளாரெண்டனை வெட்டிய பெஞ்சமின் ஃபாக்ஸ்தான். கைவினைஞர் ஒருவர் முதலாளியின் பங்காளியாக உயர்வது அக்காலத்தில் அடிக்கடி நிகழ்ந்ததன்று.

இக்காலத்தில் பெஸ்லி அச்செழுத்தின் உலோகத்திலும் கவனம் செலுத்தினார். அச்செழுத்து வழக்கமாக ஈயம், அந்திமனி, வெள்ளீயம் ஆகியவற்றின் கலவையால் ஆனது. ஈயம் மலிவானது, எளிதில் உருகுவது, ஆனால் மென்மையானது. அந்திமனி கடினத்தைத் தருகிறது. நீராவி அச்சு இயந்திரங்கள் ஆயிரக்கணக்கான படிகளை விரைவாக அச்சிட்டபோது எழுத்துகள் வேகமாகத் தேய்ந்தன. 1855 இல் பெஸ்லி காப்புரிமை பெற்ற கலவையில் வழக்கமான மூன்று உலோகங்களோடு நிக்கல், கோபால்ட், செம்பு, பிஸ்மத் ஆகியனவும் சேர்க்கப்பட்டிருந்தன. இது பெஸ்லி உலோகம் என்று தொழில்நுட்ப நூல்களில் குறிக்கப்படுகிறது. எழுத்தின் உருவத்துக்குக் கிடைக்காத நீண்ட பாதுகாப்பு எழுத்தின் உலோகத்துக்குக் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

1861 இல் பெஸ்லி தொழிலிலிருந்து விலகினார். அவருடைய இடத்துக்குச் சார்லஸ் ரீட் வந்தார். நிறுவனம் ரீட் அண்ட் ஃபாக்ஸ் எனப் பெயர் மாறியது.

மாநகர ஆட்சியில்

இலண்டன் மாநகரம் என்பது இன்று நாம் இலண்டன் என்று அழைக்கும் பரந்த நகரம் அன்று. பழைய மதில்களை ஒட்டிய, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள வணிகப் பகுதியே அது. அதற்கெனத் தனி ஆட்சி மன்றமும், வட்டங்களும், ஆல்டர்மன் எனப்படும் மூத்த உறுப்பினர்களும் உண்டு. பெஸ்லி தமது வார்ப்பகத்துக்கு அருகில் அமைந்த ஆல்டர்ஸ்கேட் வட்டத்தின் ஆல்டர்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். லார்ட் மேயர் ஆக வேண்டுமாயின் அதற்கு முன் ஷெரீஃப் பதவி வகித்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள மரபு. பெஸ்லி அதையும் நிறைவேற்றி, 1869 நவம்பரில் ஓராண்டுக்கு லார்ட் மேயர் பதவியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

காலத்தின் அமைப்பில் அவருக்குச் சிறிது நற்பேறு குறைவு என்றே சொல்ல வேண்டும். புதிய பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தையும் ஹோல்போர்ன் மேம்பாலத்தையும் விக்டோரியா அரசி 1869 நவம்பர் 6 அன்று திறந்து வைத்தார். அவ்விழாவில் மாநகரின் சார்பில் முன்னின்றவர் பதவி முடியும் தறுவாயில் இருந்த ஜேம்ஸ் கிளார்க் லாரன்ஸ். அவர் பாரனெட் பட்டமும் பெற்றார். அதற்குச் சில நாட்கள் கழித்தே பெஸ்லி பதவிக்கு வந்தார். 1870 நவம்பரில் தாமஸ் டாக்கின் அவருக்கு அடுத்து லார்ட் மேயரானார்.

அச்செழுத்துக்கு உலோகம் வார்க்கும் தொழிலிலிருந்து வந்த ஒருவர் வங்கியாளர்களும் பெருவணிகர்களும் நிறைந்த மாநகர மன்றத்தின் தலைமைக்கு உயர்ந்தது சிறிய செய்தி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுத்தொழில் எவ்வளவு செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தது என்பதை இது காட்டுகிறது. பெஸ்லி டிசம்பர் 18, 1876 அன்று தமது 82 ஆவது வயதில் காலமானார்.

பெஸ்லிக்குப் பின்

பெஸ்லியின் இடத்துக்கு வந்த சார்லஸ் ரீட் நாடாளுமன்ற உறுப்பினராகவும், இலண்டன் பள்ளிக் குழுவின் தலைவராகவும் விளங்கியவர். ஃபாக்ஸ் 1877 இல் மறைந்த பின் நிறுவனம் ரீட் குடும்பத்தினரிடம் இருந்தது. சார்லஸ் ரீடின் மகன் டால்பட் பெயின்ஸ் ரீட் சிறுவர்களுக்கான பள்ளிக் கதைகளால் புகழ் பெற்றவர். அவர் 1887 இல் எழுதி வெளியிட்ட பழைய ஆங்கில எழுத்து வார்ப்பகங்களின் வரலாறு இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். ஃபான் தெருவின் கதை நமக்குத் தெரிய வந்ததில் இந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்ப்பகத்தின் சொத்துகள் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஸ்டீவன்சன் பிளேக் நிறுவனத்துக்குச் சென்றன.

கிளாரெண்டனோ கடலைக் கடந்து சென்றது. அமெரிக்காவில் சுவரொட்டிகளுக்கான பெரிய எழுத்துகளை மரத்தில் வெட்டும் தொழில் 1820களின் இறுதியில் டேரியஸ் வெல்ஸ் என்பவரால் நியூயார்க்கில் தொடங்கப்பட்டு, 1834 அளவில் இயந்திரமயமானது. மரத்தில் வெட்டிய எழுத்து எடை குறைவு, விலையும் மலிவு. கனெடிகட்டில் வில்லியம் பேஜ் போன்றோர் கிளாரெண்டனின் பல்வேறு அகலங்களை வெட்டி விற்றனர். மேலும் ஒடுக்கி, மேலும் கீழும் உள்ள பட்டைகளை நெடுங்கோடுகளைவிடத் தடிப்பாக்கியபோது ஃபிரெஞ்சு கிளாரெண்டன் எனப்படும் வகை பிறந்தது. மேற்கத்தியத் திரைப்படங்களில் தேடப்படும் குற்றவாளியின் அறிவிப்புத் தாளில் நாம் காணும் எழுத்து பெரும்பாலும் இதுவே. நூலின் வரிக்குள் அடங்குவதற்காக ஒடுக்கப்பட்ட எழுத்து, சுவரை நிரப்புவதற்காக மீண்டும் தெருவுக்கே திரும்பியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செரிஃப் அற்ற எழுத்துகள் மேலோங்கியதால் கிளாரெண்டன் பழம்பொருளாகக் கருதப்பட்டது. 1950களில் அது மீண்டும் உயிர் பெற்றது. சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் 1953 இல் வரைந்த வடிவமே இன்று பலரும் கிளாரெண்டன் என்று அறிவது. அமெரிக்காவில் ஃபிரீமன் கிரா 1955 இல் கிரா கிளாரெண்டனை வெளியிட்டார். பெஸ்லியின் எழுத்துக்கு வாரிசான ஸ்டீவன்சன் பிளேக் நிறுவனம் அதைக் கன்சார்ட் என்ற பெயரில் புதுப்பித்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பெயர்ப் பலகைகளில் கிளாரெண்டன் பல்லாண்டுகள் இடம் பெற்றிருந்தது. சோனி நிறுவனத்தின் பெயர்ச் சின்னத்திலும் இதன் சாயல் உண்டு.

இம்மறுமலர்ச்சியில் குறிப்பிட வேண்டிய ஒன்று சாய்வு வடிவம். 1845 ஆம் ஆண்டின் கிளாரெண்டன் சாய்வெழுத்துக்கு மாற்றாக வந்தது என்பதால் அதற்கெனத் தனிச் சாய்வு வேண்டியிருக்கவில்லை. இத்தாலியின் நெபியோலோ வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே 1950களில் வரைந்த எஜிட்சியோவில் நிமிர்ந்த வடிவத்தோடு சாய்வும் ஒடுங்கிய வகைகளும் அமைந்தன. கன்சார்ட் குடும்பத்திலும் இவ்வாறே ஒடுங்கிய வடிவமும் சாய்வும் இடம் பெற்றன. பட்டைச் செரிஃப் எழுத்தைச் சாய்ப்பது தொல்லையான வேலை. நிமிர்ந்த எழுத்தில் தரையோடு தரையாக நிற்கும் பட்டைகள், எழுத்தைச் சாய்த்தவுடன் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் கோணம் மாறிவிடும். ஒடுங்கிய வடிவத்தில் பட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே சாய்வுக்கு வெளியேறும் கோட்டை வளைத்து, உட்புறச் செரிஃப்களில் சிலவற்றை அகற்றி, ஏறத்தாழப் புதிய எழுத்தாகவே வரைய வேண்டியுள்ளது.

அண்மைக் காலத்தில் பெஸ்லி என்ற பெயரிலேயே கிளாரெண்டனைப் பின்பற்றிய கணினி எழுத்துரு ஒன்று திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. இதில் நிமிர்ந்த வடிவத்தோடு சாய்வு வடிவமும் உண்டு. இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம், படியெடுக்கவும் செய்யலாம்.